ஒரு வெண்மதுவும் இரு கவிஞர்களும்

ஒரு நாட்டில் விளைந்ததையும் விற்றதையும் வரி ஏடுகள் கூறும். அதனை யார் அளவின்றி உண்டனர், யார் எண்ணி ஏங்கினர் என்பதை இலக்கியமே கூறும். இத்தாலியின் தஸ்கனிப் பகுதியில், கோபுரங்களால் புகழ்பெற்ற சான் ஜிமிஞானோ நகரத்து 1276ஆம் ஆண்டு வரி ஏட்டில் ‘வெர்னாச்சா’ என்னும் வெண்மதுவின் பெயர் காணப்படுகிறது. பலவூர் மதுவிற்கும் வழங்கிய அப்பெயருக்கு நிலைபேறு அளித்தவர் மகாகவி தாந்தே.

1285இல் மறைந்த போப்பாண்டவர் நான்காம் மார்ட்டினைத் தம் காப்பியத்தின் உத்தரிப்புத் தலத்தில் நிறுத்துகிறார் அவர். பொல்சேனா ஏரியின் விலாங்கு மீனையும் வெர்னாச்சாவையும் மிகுதியாக நுகர்ந்த குற்றத்திற்காக, அத்திருத்தந்தை அங்கே பட்டினியால் தூய்மை பெறுகிறார்.

அடுத்த தலைமுறையினரான பொக்காச்சியோ, 1348ஆம் ஆண்டுக் கொள்ளைநோயைப் பின்னணியாகக் கொண்ட ‘தெக்கமெரோன்’ கதைத்தொகுதியில் ஒரு கற்பனை நாட்டைப் படைத்தார். அங்கே துருவிய பாலாடைக்கட்டியே மலை. அதன்மேல் வாழ்வோர் மாவுப் பண்டங்களைக் கோழிச்சாற்றில் வேகவைத்துக் கீழே உருட்டிவிடுகின்றனர். அருகே வெர்னாச்சா ஓடையாய்ப் பாய்கிறது. ஏமாளி ஓவியன் ஒருவன் இதனை மெய்யென நம்பி ஏங்குகிறான்.

திருத்தந்தையின் பந்தியில் குற்றமாகிய மிகுதி, எளியவன் செவியில் கனவாகிறது. மது ஒன்றே, நா வேறு.

சான் ஜிமிஞானோவின் வெர்னாச்சா 1966இல் இத்தாலிய அரசின் பிறப்பிடச் சான்றினைப் பெற்றது. இன்றும் மீன் உணவுக்குத் துணையாகிறது. சான்றிதழ் மதுவின் ஊரைக் காக்கும். அருந்தியவனின் பேராசையையும் அருந்தாதவனின் பசியையும் காக்கக் கவிஞன் வேண்டும்.