ஆட்டு எலும்பில் ஒரு பேரேடு

பி.காம் படிக்கிறவனுக்கு ஆட்டு எலும்பில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது நண்பர்களே. உலகின் மிகப் பழைய கணக்கேடுகள் மெசபடோமியாவின் களிமண் பலகைகள். அவற்றில் ஒரு வட்டம் போட்டு உள்ளே கூட்டல் குறி கீறினால் செம்மறியாடு என்று அர்த்தம். எங்கள் பாடம் பிறந்த இடத்திலேயே ஆடு நிற்கிறது!

ஆனால் அந்தப் பலகைகளுக்கு வயது சுமார் 5,000 ஆண்டுகள்தான். மனிதன் ஆடு வளர்க்க ஆரம்பித்து 10,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இடைப்பட்ட 5,000 ஆண்டுகளுக்கு யாரும் கணக்கு எழுதி வைக்கவில்லை. மிச்சம் இருப்பது எலும்பு மட்டும்.

அந்த எலும்பிலும் ஒரு வம்பு. செம்மறியின் எலும்பையும் வெள்ளாட்டின் எலும்பையும் உடைந்த துண்டுகளாகப் பார்த்தால் நிபுணர்களே திணறுவார்கள். இங்கேதான் டி.என்.ஏ. கை கொடுக்கிறது. காதுக்குள் இருக்கும் கெட்டியான எலும்பில் அது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தங்கும். குளிர்ந்த, உலர்ந்த ஊராக இருந்தால் நல்லது. வெயில் கொளுத்தும் நாடுகளில் சீக்கிரம் சிதைந்துவிடும். நம் பக்கத்து ஆடுகளின் பழங்கதை இந்த வழியில் கிடைப்பது கஷ்டம் என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். வீட்டுச் செம்மறியின் மூதாதை மேற்கு ஆசிய மலைகளில் திரியும் மூஃப்ளான் என்ற காட்டு ஆடு. துருக்கியின் நடுவே அஷிக்லி ஹொயுக் என்று ஒரு பழைய குடியிருப்பு. அங்கே மண்ணில் படிந்த உப்பை அளந்து, எந்தக் காலத்தில் எவ்வளவு சிறுநீர் சேர்ந்தது, அதிலிருந்து எவ்வளவு ஆடுகள் ஊருக்குள் அடைபட்டிருந்தன என்று 2019-இல் கணக்குப் போட்டார்கள். சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அந்த உப்பின் அளவு தடாலென்று ஏறுகிறது. வேட்டை குறைந்து பட்டி பெருகியதற்கு இது சாட்சி. (ஸ்டாக் ஆடிட் செய்ய இப்படியும் ஒரு வழி!)

ஆக, எல்லா ஆடும் இந்த ஊரிலிருந்துதான் கிளம்பியதா? 2025-இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியும் மியூனிக் பல்கலைக்கழகமும் முன்னின்று, 12,000 ஆண்டு காலப் பரப்பைச் சேர்ந்த 118 பழைய மரபணுத் தொகுதிகளைப் படித்தார்கள். அஷிக்லி ஆடுகள் மூலத்துக்கு மிக நெருக்கமானவை. ஆனால் பின்னால் வந்த மந்தைகளின் மரபு முழுவதையும் அவற்றை மட்டும் வைத்து விளக்க முடியவில்லை. பல காட்டுக் கிளைகள் கலந்திருக்க வேண்டும். ஒரே ஊர், ஒரே மந்தை என்று எழுதினால் கதை சுலபமாகத்தான் இருக்கும். டேலி ஆகாத கணக்கை டேலி ஆனதாகக் காட்டுவது போலத்தான் அதுவும்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது நிறம். சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பே ஆட்டுக்காரர்கள் ரோமத்தின் நிறத்தைப் பார்த்துப் பொறுக்கி வளர்த்த தடயம் மரபணுவில் தெரிகிறது. எதற்காக? தன் ஆடு எது, அடுத்தவன் ஆடு எது என்று தூரத்திலிருந்தே தெரிவதற்காகவா? அழகுக்கா? டி.என்.ஏ. காரணம் சொல்லாது. சொத்து என்ற எண்ணம் அதில் ஒளிந்திருக்கிறது என்பது என் ஊகம். கம்பளிக்காக என்று மட்டும் சொல்ல முடியாது. ஆதியில் செம்மறிக்கு நாம் நினைக்கிற மாதிரி கம்பளி கிடையாது, முரட்டு முடிதான். அது பின்னால் வந்த லாபம். எல்லா மந்தைக்கும் வரவும் இல்லை. ஈரானின் செஹ்ராபாத் உப்புச் சுரங்கத்தில் உப்பிலேயே பதமாகிக் கிடைத்த 1,600 ஆண்டுப் பழைய ஆட்டுக்காலில் இருந்ததும் வெறும் முடிதான்.

அடுத்த திருப்பம் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன். கருங்கடலுக்கு வடக்கே உள்ள புல்வெளிகளிலிருந்து மேய்ச்சல் மக்கள் ஐரோப்பாவுக்குள் பெருமளவில் வந்ததை மனித டி.என்.ஏ. 2015-லேயே காட்டியது. ஆட்டின் டி.என்.ஏ.-வும் இப்போது அதையே சொல்கிறது. ஐரோப்பாவின் முதல் மந்தைகள் துருக்கிப் பக்கத்திலிருந்து வந்தவை. வெண்கலக் காலத்திலோ அங்கிருந்த ஆடுகளின் மரபில் பாதி அளவு புல்வெளியிலிருந்து வந்தது. அது விலைக்கு வாங்கியதா, சீதனமா, கொள்ளையா? பொருள் கை மாறியது தெரிகிறது, ஆனால் பில் இல்லை.

பிற்காலத்துக்கு பில்லே கிடைத்துவிட்டது, அதுவும் ஆட்டுத் தோலிலேயே. இங்கிலாந்தில் முன்பு பத்திரங்களைத் தோலில் எழுதுவார்கள். 17, 18-ஆம் நூற்றாண்டுத் தோல் ஏடுகள் இரண்டிலிருந்து டி.என்.ஏ. எடுத்துப் பார்த்தார்கள். பழையது வட இங்கிலாந்தின் கறுப்பு முக ஆடுகளுக்கு நெருக்கம். மற்றது நடு, தென் பகுதி ஆடுகளுக்கு நெருக்கம். பத்திரத்தில் எழுதியவர்கள் நிலத்தைப் பற்றித்தான் எழுதினார்கள். ஆடு தன் ஊரைத் தானே எழுதி வைத்திருந்தது.