நெல்சன் மண்டேலா 70ஆவது பிறந்தநாள் இசை நிகழ்ச்சி

நெல்சன் மண்டேலா 70ஆவது பிறந்தநாள் இசை நிகழ்ச்சி என்பது ஜூன் 11, 1988 அன்று இலண்டன் நகரின் வெம்பிளி விளையாட்டரங்கில் நடைபெற்ற மாபெரும் இசை நிகழ்ச்சி ஆகும். அப்போது தென்னாப்பிரிக்கச் சிறையில் இருந்த நெல்சன் மண்டேலாவின் விடுதலையை வலியுறுத்தி இது நடத்தப்பட்டது. ஏறத்தாழ 72,000 பேர் அரங்கில் கூடினர். நிகழ்ச்சி 67 நாடுகளில் ஒளிபரப்பானது; 60 கோடிப் பேர் பார்த்ததாகக் கூறப்படுகிறது. இத்தகைய எண்கள் மதிப்பீடுகளே என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். மண்டேலாவின் பிறந்தநாள் ஜூலை 18 ஆகும்; நிகழ்ச்சி ஐந்து வாரங்கள் முன்னதாகவே நடத்தப்பட்டது.

பின்னணி

1964 இல் ஆயுள் தண்டனை பெற்ற மண்டேலா, ராபன் தீவுச் சிறையிலும் 1982 முதல் கேப் டவுன் அருகிலுள்ள போல்ஸ்மூர் சிறையிலும் அடைக்கப்பட்டிருந்தார். அவரது படத்தையும் பேச்சையும் வெளியிடத் தென்னாப்பிரிக்காவில் தடை இருந்தது. வெளிநாடுகளிலும் நிலைமை பெரிதும் சாதகமாக இல்லை. ஆப்பிரிக்க தேசிய காங்கிரசு ஒரு பயங்கரவாத அமைப்பு என்று பிரித்தானியப் பிரதமர் மார்கரெட் தாட்சர் 1987 இல் குறிப்பிட்டார். செய்தி நிறுவனங்கள் பலவும் மண்டேலாவை அவ்வாறே விவரித்து வந்தன.

பிரித்தானிய இசைக்கலைஞர் ஜெர்ரி டாமர்சு எழுதி 1984 இல் வெளிவந்த "ஃப்ரீ நெல்சன் மண்டேலா" என்ற பாடல் இளைஞர்களிடையே அவரது பெயரைப் பரப்பியது. டாமர்சு பின்னர் இனவொதுக்கலுக்கு எதிரான கலைஞர்கள் அமைப்பைத் தொடங்கி, 1986 இல் இலண்டன் கிளாப்பம் திடலில் கட்டணமில்லா நிகழ்ச்சி ஒன்றை நடத்தினார். ஆனால் அது உலகத் தொலைக்காட்சிகளை எட்டவில்லை.

திட்டமிடல்

வெம்பிளி நிகழ்ச்சியைத் தயாரித்தவர் டோனி ஆலிங்சுவொர்த். இனவொதுக்கல் எதிர்ப்பு இயக்கத்தின் தலைவரான பேராயர் டிரெவர் அடில்சுட்டன் அவருக்குத் துணை நின்றார். ஆலிங்சுவொர்த்தின் அணுகுமுறை கவனத்திற்குரியது. அவர் தொலைக்காட்சி நிறுவனங்களின் செய்திப் பிரிவுகளை நாடாமல் பொழுதுபோக்குப் பிரிவுகளை நாடினார். அரசியல் கூட்டத்தை நேரடியாக ஒளிபரப்ப எந்த நிறுவனமும் முன்வராது. புகழ்பெற்ற கலைஞர்கள் பாடும் பிறந்தநாள் விழாவிற்கு மறுப்பு எழாது. ஒப்பந்தம் செய்துகொண்ட நிறுவனம், தான் மணிக்கணக்கில் வாழ்த்தும் ஒருவரைத் தன் செய்தியறிக்கையில் பயங்கரவாதி என்று அழைப்பது கடினமாகிவிடும். நிகழ்ச்சியின் உண்மையான நோக்கம் இதுவே.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. மண்டேலா ஒருவரை மட்டும் முன்னிறுத்துவதா, எல்லா அரசியல் கைதிகளையும் பொருளாதாரத் தடையையும் பற்றிப் பேச வேண்டாமா என்ற கேள்வி இயக்கத்தினுள்ளேயே எழுந்தது. இறுதியில் மேடையில் வாழ்த்துத் தொனியும், மேடைக்கு வெளியே இயக்கத்தின் வழக்கமான பரப்புரையும் என்று முடிவாயிற்று. நிகழ்ச்சிக்கு மறுநாள் கிளாசுகோ நகரிலிருந்து 25 பேர் இலண்டன் நோக்கி நடைப்பயணம் புறப்பட்டனர். மண்டேலாவின் சிறைவாசத்தின் ஓர் ஆண்டுக்கு ஒருவர் என்பது கணக்கு.

நிகழ்ச்சி

முதலில் பங்கேற்க ஒப்புக்கொண்ட குழுக்களுள் சிம்பிள் மைண்ட்சும் டயர் சுட்ரெயிட்சும் அடங்கும். சுடிங் முதலில் பாடினார். விட்னி ஊசுட்டன், எரிக் கிளாப்டன் உள்ளிட்டோரும், நாடு கடந்து வாழ்ந்த தென்னாப்பிரிக்கக் கலைஞர்களான மிரியம் மக்கேபா, இயூ மசக்கேலா ஆகியோரும் பங்கேற்றனர். நிகழ்ச்சி 11 மணி நேரத்திற்கு மேல் நீடித்தது.

பலராலும் நினைவுகூரப்படுவது எதிர்பாராத ஒரு நிகழ்வாகும். சுடீவி வொண்டர் மேடையேறச் சற்று முன்னர், அவரது மின்னணு இசைக்கருவியின் வன்தட்டு காணவில்லை என்று தெரிந்தது. அவருக்கான இசைப்பதிவு முழுவதும் அதில்தான் இருந்தது. அவர் வெளியேறினார். இடைவெளியை நிரப்ப, பிற்பகலில் ஒருமுறை பாடி முடித்திருந்த டிரேசி சாப்மன் ஒற்றைக் கித்தாருடன் மீண்டும் அனுப்பப்பட்டார். அதுவரை அதிகம் அறியப்படாத அவரது முதல் இசைத்தொகுப்பு சில வாரங்களில் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. சுடீவி வொண்டரும் பின்னர் திரும்பி வந்து பாடினார்.

விமர்சனங்கள்

ஒளிபரப்பு உரிமை பெற்ற பிபிசியைக் கன்சர்வேட்டிவ் கட்சி உறுப்பினர்கள் சிலர் நாடாளுமன்றத்தில் கண்டித்தனர். பிபிசி நிகழ்ச்சியை முழுமையாக ஒளிபரப்பியது. அமெரிக்காவில் நிலைமை வேறு. ஃபாக்சு தொலைக்காட்சி இதனை "ஃபிரீடம்ஃபெசுட்" என்ற பெயரில் சுருக்கி, அரசியல் பேச்சுகளில் பலவற்றை வெட்டிய பின்னரே வெளியிட்டது. இது பாடகர் சுடீவன் வான் சான்ட் உள்ளிட்டோரின் கண்டனத்திற்கு உள்ளானது. ஆப்பிரிக்கக் கலைஞர்களுக்கு முதன்மை நேரம் போதிய அளவில் தரப்படவில்லை என்ற குறையும் எழுந்தது. இக்குறை நியாயமானதே, 2005 இல் நடந்த லைவ் 8 நிகழ்ச்சியிலும் இதே சிக்கல் மீண்டும் தோன்றியது.

பின்னர்

மண்டேலா பிப்ரவரி 11, 1990 அன்று விடுதலை செய்யப்பட்டார். இதற்கு ஓர் இசை நிகழ்ச்சியே காரணம் எனக் கொள்ள முடியாது. உள்நாட்டுப் போராட்டங்கள், பொருளாதாரத் தடைகள், பனிப்போரின் முடிவு ஆகியவையே முதன்மைக் காரணங்கள். அதே ஆண்டு ஏப்ரல் 16 அன்று வெம்பிளியில் நடந்த இரண்டாவது நிகழ்ச்சிக்கு மண்டேலா நேரில் வந்தார். கூட்டம் பல நிமிடங்கள் எழுந்து நின்று கைதட்டியது. இனவொதுக்கல் முழுவதும் ஒழியும் வரை தடைகளைத் தளர்த்த வேண்டாம் என்று அவர் தம் உரையில் கேட்டுக்கொண்டார். முதல் நிகழ்ச்சியில் ஒளிபரப்பாளர்களைக் கருதித் தவிர்க்கப்பட்ட கோரிக்கை இதுவே. ஐக்கிய அமெரிக்காவின் பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து மண்டேலாவின் பெயரை நீக்க வழிசெய்யும் சட்டம் 2008 இல்தான் நிறைவேறியது.