கடல் கொண்டோரின் பெயர்கள்

இரண்டாம் உலகப் போரின்போது கொழும்பு நகரின் குதிரைப் பந்தயத் திடல் விமானத் தளமாக மாற்றப்பட்டது. 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் ஜப்பானியர் திருகோணமலையைத் தாக்கினர். அவர்தம் கப்பற்படையைத் தேடி, பிரித்தானிய விமானப்படையின் 11 ஆம் அணி அத்திடலிலிருந்து புறப்பட்டது. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் கொண்ட அப்படையை ஒன்பது பிளென்ஹீம் குண்டுவீச்சு விமானங்கள் எதிர்த்தன. விமானத்துக்கு மூவர். 'அகாகி' என்னும் தலைமைக் கப்பலின் அருகே குண்டுகள் விழுந்தன, கப்பலோ தப்பியது. ஐந்து விமானங்கள் திரும்பவேயில்லை.

கடல் கொண்டோருக்குக் கபுறு ஏது? மீஸான் கல் ஏது? இத்தகையோர்க்கென எழுந்ததே சிங்கப்பூரின் கிராஞ்சிக் குன்றிலுள்ள நினைவகம். விமானச் சிறகு போன்ற கூரையுடைய இது, 1957 மார்ச் 2 ஆம் நாள் திறக்கப்பட்டது. கல்லறை அறியப்படாத 24,000 க்கும் மேற்பட்டோரின் பெயர்களை அதன் தூண்கள் ஏந்தி நிற்கின்றன. ஆங்கிலேயர் பெயர்களோடு, இந்தியப் படையின் முஸ்லிம், இந்து, சீக்கிய வீரர்தம் பெயர்களும் அங்குண்டு.

இப்பெயர்கள் நிலைத்தது எவ்வாறு? யார் எந்த விமானத்தில் ஏறினார் என்பதைப் படையின் பதிவேடு குறித்து வைத்திருந்தது. அதே போரில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் - பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரவர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோரின் பெயரை எந்த ஏடும் காக்கவில்லை.

கல்லுக்கு முன்னே ஏடு வேண்டும். கடல் கடந்து சென்று மீளாத முன்னோரின் பெயரும் ஊரும் ஆண்டும் இன்னும் முதியோர் நினைவில் உள்ளன. அவர்கள் இருக்கும்போதே அவற்றை எழுதி வைப்பது நம் கடமையன்றோ!