புரதக் களங்களின் மறுசேர்க்கை

புரதக் களங்களின் மறுசேர்க்கை என்பது, ஏற்கெனவே உள்ள புரதங்களின் கட்டமைப்புப் பகுதிகள் இரட்டித்தல், இணைதல், பிரிதல், நீங்குதல் ஆகியவற்றால் புதிய புரதங்கள் தோன்றும் படிவளர்ச்சி முறையாகும். தானாக மடிந்து நிலையான முப்பரிமாண வடிவம் பெறக்கூடிய புரதப் பகுதி களம் அல்லது டொமைன் எனப்படும். பெரும்பாலான புதிய புரதங்கள் முற்றிலும் புதிதாகத் தோன்றியவை அல்ல; பழைய களங்களின் புதிய சேர்க்கைகளே.

நிகழும் முறை

விலங்குகளின் மரபணுக்களில், புரதத்தைக் குறிக்கும் எக்சான்களுக்கு இடையே புரதமாக மாறாத இன்ட்ரான்கள் உள்ளன. டி.என்.ஏ. முறிவு இன்ட்ரானுக்குள் நேர்ந்தால், எக்சான் சிதையாமல் முழுமையாக இடம் மாற இயலும். இக்கருத்தை வால்ட்டர் கில்பர்ட் 1978இல் முன்வைத்தார். எக்சானின் நீளம் மூன்றின் மடங்காக இருப்பின், அதனை அடுத்து வரும் மூவெழுத்துக் குறிகளும் குலைவதில்லை.

கொலாசன்

எலும்பு, தோல், தசைநாண் ஆகியவற்றின் முதன்மைப் புரதம் கொலாசன் ஆகும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் இதன் முச்சுருள் அமைப்பையும் 1955இல் அதன் திருத்திய வடிவத்தையும் வெளியிட்டனர். மூன்று சங்கிலிகள் நெருக்கமாகப் பின்னியிருப்பதால், ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் மிகச்சிறிய அமினோ அமிலமான கிளைசின் தேவைப்படுகிறது.

1980இல் கோழியின் கொலாசன் மரபணுவை ஆராய்ந்தபோது, அதன் எக்சான்கள் பலவும் 54 கார இணைகள் நீளமுடையவை எனத் தெரியவந்தது. இவை 18 அமினோ அமிலங்களை, அதாவது கிளைசினில் தொடங்கும் ஆறு மும்மைகளைக் குறிக்கின்றன. இத்தகைய ஓர் அலகு பலமுறை இரட்டித்ததால் இந்நீண்ட மரபணு உருவானது எனக் கருதப்படுகிறது.

முச்சுருள் உருவாக மூன்று சங்கிலிகள் தேவை. எனினும் இப்பகுதி ஒரு களத்தைப் போலவே பிற புரதங்களிலும் காணப்படுகிறது. நோய் எதிர்ப்பில் பங்குபெறும் மேனோஸ் பிணைப்பு லெக்டினில், கொலாசன் தண்டின் முனையில் நுண்ணுயிரிகளின் சர்க்கரைகளைப் பற்றும் களம் உள்ளது. சி1கியூ புரதத்தில் அதே வகைத் தண்டின் முனையில், எதிர்ப்பொருள்களைப் பற்றும் வேறொரு களம் உள்ளது.

நோய்களில் பங்கு

எல்லா மறுசேர்க்கைகளும் பயன் தருவதில்லை. மனிதரின் 9ஆம், 22ஆம் நிறப்புரிகள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும்போது பி.சி.ஆர்., ஏ.பி.எல். ஆகிய இரு மரபணுக்கள் இணைகின்றன. இதனால் உருவாகும் புரதத்தில் ஏ.பி.எல். பகுதியின் கைனேசு களம் கட்டுப்பாடின்றி இயங்கி, நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயை உண்டாக்குகிறது. இக்களத்தில் பொருந்தி அதன் செயலைத் தடுக்கும் இமாட்டினிப் என்னும் மருந்து 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதன்பின் இந்நோய், நோயாளிகள் பலரிடம் மாத்திரைகளால் நீண்டகாலம் கட்டுப்படுத்தக்கூடியதாக மாறியது.