செருகுவாயும் திறவுகோலும்

பிறையையும் பினாங்குத் தீவையும் 13.5 கிலோமீட்டர் நீளப் பாலம் 1985-இல் இணைத்தது. பினாங்கின் மின்னியல் தொழிலோ அதற்கு முன்பே வேரூன்றிவிட்டது. 1972-இல் பாயான் லெப்பாசில் இண்டெல் நிறுவனம் தன் ஆலையை நிறுவியது.

1990-களின் தொடக்கத்திலும் கணிப்பொறியின் துணைக்கருவிகளுக்குத் தனித்தனிச் செருகுவாய்கள் வேண்டியிருந்தன. இக்குறையைக் களைய இண்டெல் உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் ஒன்றுகூடின. வடோதராவில் பயின்ற அஜய் பட் அப்பணியில் முன்னின்றார். 1996 சனவரியில் யூஎஸ்பி வரைமுறை வெளிவந்தது. அதன் நெறி எளியது: தலைமைக் கருவி வினவும், துணைக்கருவி விடையிறுக்கும்.

கைத்தொலைபேசி தொடக்கத்தில் துணைக்கருவியாகவே விளங்கியது. ஒரே கருவி இருநிலையும் ஏற்க 2001-ஆம் ஆண்டின் இணைப்பு வரைமுறை வழிவகுத்தது. 2011-இல் ஆண்ட்ராய்டு 3.1 அத்தலைமையைச் செயலிகளுக்கும் வழங்கியது.

ஆயினும், விரைவு கருதிச் சி மொழியில் எழுதப்பட்ட நிரல் கருவியோடு நேரே உரையாட விழைந்தபோது தடை எழுந்தது. உரிமையாளரின் இசைவின்றி வாயிலைத் திறக்க முறைமை உடன்படவில்லை. எனவே, ஜாவா நிரல் இசைவைப் பெற்று, திறந்த வாயிலைக் குறிக்கும் எண்ணைச் சி நிரலிடம் ஒப்படைக்கும் முறை வழக்கிற்கு வந்தது. அவ்வெண்ணை ஏற்கும் செயற்கூற்றை லிப்யூஎஸ்பி நூலகம் 2019-இல் சேர்த்துக்கொண்டது.

விரைவுக்காகக் காவலைக் கைவிடுவதா என்னும் வினாவிற்கு இவ்வொப்படைப்பே விடையாயிற்று. சில்லுகளைப் பொருத்திப் பெயர்பெற்ற பினாங்கின் மாணவர், அவற்றோடு பேசும் நிரலையும் கற்றல் வேண்டும். திறவுகோல் உரிமையாளரிடமே இருத்தல் வேண்டும் என்னும் அறத்தையும் உடன் கற்றல் வேண்டும்.