துண்டும் துப்பாக்கியும்

நுவரெலியா மாவட்டத்திலே, தலவாக்கலைக்கும் கொத்மலைக்கும் இடைப்பட்ட மலைமடிப்பில் அமைந்த சிற்றூர் பூண்டுலோயா. டன்சினன் முதலிய தேயிலைத் தோட்டங்கள் அதனைச் சூழ்ந்துள்ளன. இம்மலைநாட்டில் முற்காலத்தில் ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குச் செல்ல வேண்டுமாயின், அவனுக்காக எழுதப்பட்ட 'துண்டு' ஒன்று இருத்தல் வேண்டும். அவன் பட்ட கடன் இவ்வளவு, அதனைத் தீர்ப்பவர் அவனை அழைத்துச் செல்லலாம் என்று எழுதப்பட்ட தாளே அது. துண்டு முறை 1921ஆம் ஆண்டிலே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

துண்டு, தொழிலாளி செலுத்தவேண்டிய கடனைச் சொல்வது. உலக வரலாற்றில் இதற்கு நேர்மாறான பத்திரம் ஒன்றும் உண்டு. அது படைவீரன் கையில் இருப்பது. அரசு அவனுக்குப் பட்ட கடனைச் சொல்வது. பண்டை உரோமாபுரியின் துணைப்படைகளிற் சேர்ந்த அயலார் 25 ஆண்டு ஊழியம் முடித்த பின் உரோமப் பிரஜைகளாயினர். அவ்வுரிமையைப் பொறித்த வெண்கலத் தகடுகள் பல இன்றும் ஐரோப்பிய அரும்பொருட்சாலைகளில் உள்ளன. அமெரிக்க ஐக்கிய நாடுகள் உள்நாட்டு யுத்தத்தின் நடுவே, 1862இல், படையில் ஊழியம் செய்து நற்பெயரோடு விலகிய அந்நியருக்கு ஓராண்டு வாசமே போதும் என்று விதித்தன. 1952ஆம் ஆண்டின் சட்டமோ இன்னும் ஒரு படி மேலே சென்றது. யுத்தகாலத்தில் அந்நாட்டு மண்ணில் நின்று படையிற் சேர்ந்தவர், நிரந்தரமாக வாழ முறையான அனுமதி பெற்றவராயினும் பெறாதவராயினும், பிரஜாவுரிமை கோரலாம் என்றது. வந்த வழியைக் கேளாது, நின்ற களத்தைக் கேட்ட சட்டம் அது.

ஆயினும் துப்பாக்கி ஏந்தியவர்க்கெல்லாம் கதவு எளிதில் திறந்துவிட்டது என்று எண்ணுதல் தவறாகும். பஞ்சாபிலிருந்து 1913இல் அமெரிக்கா சென்ற பகத்சிங் திந்த் என்பவர் ஒறிகன் மாநிலத்து மரஆலைகளிலே உழைத்தவர். 1918இல் அந்நாட்டுப் படையிற் சேர்ந்தார். தலைப்பாகையுடனேயே சீருடை அணிந்தார். அவ்வாண்டு டிசம்பரில் நற்சான்றுடன் விலகினார். அதே மாதத்தில் அவருக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. நான்கே நாளில் பறிக்கப்பட்டது! 1920இல் ஒறிகன் நீதிமன்றம் மீண்டும் வழங்கியது. 1923இல் உச்ச நீதிமன்றம், சட்டத்தின் பொருளில் அவர் 'வெள்ளையர்' அல்லர் என்று கூறி அதனையும் செல்லாததாக்கியது. யுத்தத்தில் ஊழியம் செய்த ஆசியரின் பொருட்டு 1935இல் தனிச்சட்டம் ஒன்று பிறந்த பின்னரே, 1936இல், அவர் மூன்றாம் முறையாகப் பிரஜையானார். பட்டாளத்துச் சான்று கையிலிருந்தும் பதினெட்டு ஆண்டு சென்றது.

பட்டாளத்துச் சான்று ஏதுமில்லாத மலைநாட்டுத் தொழிலாளரின் நிலை யாது? மலைநாட்டில் படை என்றால் துரைமாரின் பிளாண்டர்ஸ் ரைபிள் படையே நினைவுக்கு வரும். 1900இல் தோன்றிய அப்படை, முதலாம் மகாயுத்தத்தில் எகிப்துக்கும் கலிப்போலிக்கும் சென்றது. அதில் இடம்பெற்றோர் ஐரோப்பியத் தோட்டக்காரர். தொழிலாளருக்கு வகுக்கப்பட்ட களம் தேயிலை மலையே. இரண்டாம் மகாயுத்தத்தில் மலாயாவும் ஜாவாவும் ஜப்பானியர் வசமான பின்னர், நேசநாடுகளின் றப்பருக்கு இலங்கையே பேராதாரமாயிற்று. இலங்கைத் தேயிலையைப் பிரித்தானிய உணவு அமைச்சு மொத்தமாக வாங்கித் தன் மக்களுக்கும் படைகளுக்கும் பங்கிட்டது. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டுகள் வீழ்ந்தன. பலர் அஞ்சி ஓடிய அந்நாட்களிலும் மலைநாட்டில் கொழுந்து கொய்வது நிற்கவில்லை. கொய்த கைகளோ பெரும்பாலும் பெண்களின் கைகள். படைச்சேவைக்கு மட்டும் உரிமை அளிக்கும் எந்தச் சட்டமும் இப்பெண்களைக் கணக்கில் எடுத்திராது என்பதையும் நேயர்கள் கருதுதல் வேண்டும்.

சுதந்திர இலங்கையின் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. 'சேவை' என்ற சொல் அச்சட்டத்தில் இல்லாமலில்லை. சிறந்த பொதுச்சேவை புரிந்தோரையும் தொழில், வர்த்தகத் துறைகளில் மேம்பட்டோரையும் ஆண்டொன்றுக்கு 25 பேருக்கு மேற்படாமல் அமைச்சர் பதிவு செய்யலாம். கொழுந்துக் கூடை அந்த இருபத்தைந்துள் அடங்குமோ!

1949இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், மணமானவர் 1946 ஜனவரி முதலாம் நாளுக்கு முன் ஏழு ஆண்டும், மணமாகாதவர் பத்து ஆண்டும் இடையறாது இலங்கையில் வாழ்ந்திருத்தல் வேண்டும் என்றது. இவ்வேழு ஆண்டு எவை? 1939 முதல் 1945 வரை. அதாவது யுத்த காலம் முழுவதும். அவ்வாண்டுகளின் உழைப்பை அளந்து பார்க்க எவரும் முன்வரவில்லை. அவ்வாண்டுகளில் இருந்ததற்குச் சான்று மட்டுமே கேட்கப்பட்டது. ஊருக்குப் போய்ப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கியவரின் வாசம் அறுந்ததாயிற்று. நாள்தோறும் பேர் போட்ட செக்ரோல் தோட்டத்துரையின் அலுவலகத்திலே இருந்தது; தொழிலாளியின் லயத்தில் பிறப்புச் சான்றுகூட இல்லாத வீடுகள் பல. அதே 1949இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டு, அவர்களது வாக்குரிமை பறிபோயிற்று. 1947இல் தலவாக்கலைத் தொகுதி மக்கள், மடக்கும்புர தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தனர். அடுத்த தேர்தலில் அவ்வாக்காளருட் பெரும்பாலோரின் பெயர் இடாப்பிலேயே இல்லை. பிளாண்டர்ஸ் ரைபிள் படை கலைக்கப்பட்டதும் அந்த 1949ஆம் ஆண்டிலேதான்.

இலங்கை இந்தியன் காங்கிரஸ் முதலில் விண்ணப்பிக்க வேண்டாம் என்றது; பின்னர் மனம் மாறியது. அந்தத் தாமதம் தொழிலாளருக்குப் பெரும் நட்டம் என்றே கூறல் வேண்டும். கெடு முடியும் தறுவாயில், 1951இல், விண்ணப்பங்கள் குவிந்தன. ஏறக்குறைய 2,37,000 விண்ணப்பங்கள்; அவற்றுள் அடங்கியோர் எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர். உரிமை பெற்றவரோ சுமார் 1,34,000 பேர். 1952இல் காங்கிரஸார் கொழும்பில் நீண்ட சத்தியாக்கிரகம் இருந்தும் பார்த்தனர்.

1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. எஞ்சிய 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கீடு நடந்தது. மீதி ஒன்றரை லட்சம் பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பங்கிடப்பட்டோரை எவரும் கலந்து பேசவில்லை. இராமேசுவரத்துக்குக் கப்பலேறியோர் போக, எத்தேசத்தவருமாகாது மலையிலேயே தங்கியோர் பலர். 1964 ஒப்பந்த நாள் முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததியாருக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. யுத்தம் மூண்ட 1939இல், இருபது வயதில், பூண்டுலோயாத் தோட்டமொன்றில் பேர் பதிந்த ஒருவர் அதுவரை உயிரோடிருந்திருப்பின், அவருக்கு அப்பொழுது வயது எண்பத்து நான்கு.