போகும் சரக்கும் வரும் சரக்கும்: கல்முனைக் கரையோர வாகனங்களுக்குள் ஒரு வரலாறு

இலங்கையின் போக்குவரத்து வரலாற்றை எழுதியவர்கள் வீதியையும் பாலத்தையும் புகையிரதத்தையும் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். வண்டிக்குள் சரக்கை எப்படி வைத்தார்கள் என்பதில் அவ்வளவு கவனம் செலுத்தவில்லை. பெரியநீலாவணையிலிருந்து பொத்துவில் வரை நீளும் அம்பாறைக் கரையோரத்தை ஆராய்பவருக்கு இந்தக் குறை உடனே உறைக்கும். கிழக்கே கடல், மேற்கே வயல். நடுவே மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என நெருங்கி அமைந்த ஊர்கள். மீனும் கருவாடும் நெல்லும் கைத்தறித் துணியும் இங்கிருந்து போகின்றன. மலைநாட்டு மரக்கறியும் கொழும்பிலிருந்து கடைச் சாமானும் இங்கே வருகின்றன. போகும் சரக்கு ஈரமாக இருக்கும், வரும் சரக்கு நனையக் கூடாது. போவது நாறும், வருவதோ அந்த நாற்றத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே, ஒரு சாதனம் எவ்வளவு கொள்ளும் என்பதோடு, திரும்பி வரும்போது அது எவ்வளவு இடத்தை விட்டுக்கொடுக்கும் என்பதும் இங்கே எப்போதும் பெரிய கேள்வியாக இருந்திருக்கிறது. இக்கட்டுரை அந்தக் கேள்வியின் வழியே இவ்வரலாற்றைப் பின்தொடர்கிறது.

தொடக்கம் சக்கரமில்லாத காலத்தில் இருக்கிறது. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களில் ஒரு பகுதியினரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். கரையோரத்தையும் மலையையும் இணைத்தவை பொதிமாட்டுக் கூட்டங்கள். அவற்றைத் தவளம் என்றார்கள். கண்டி அரசின் போக்குவரத்துப் பிரிவான மடிகே பத்தவில் முஸ்லிம்கள் வகித்த இடத்தை லோர்னா தேவராஜா, இலங்கை முஸ்லிம்களைப் பற்றி 1994இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டியிருக்கிறார். உப்பும் கருவாடும் மலைக்கு ஏறின, பாக்கு இறங்கி வந்தது.

தவளத்தின் உத்தி எளியது. மாட்டின் முதுகில் இரு பக்கமும் இரண்டு பொதிகள். ஒன்று கனத்தால் பொதி சரியும், மாட்டின் முதுகு புண்ணாகும். அதனால் சரக்கை முதலில் எடையால் பிரித்தார்கள், வகையால் பிரிப்பது அதற்குப் பிறகுதான். தங்கும் இடம்தோறும் பொதியை இறக்கி மறுநாள் ஏற்ற வேண்டியிருந்ததால், ஒரு பொதி மனிதர் தூக்கக்கூடிய அளவைத் தாண்ட முடியாது. திரும்பும்போது அதே சாக்கில் வேறு சரக்கு. இந்த மூன்று விதிகளும் வாகனங்கள் மாறிய பிறகும் மாறவில்லை. இக்கரையோரத்தின் சரக்கு வரலாற்றில் மூல வடிவம் எது என்று கேட்டால், வண்டியை விடுத்து இந்த இரட்டைப் பொதியையே நான் காட்டுவேன்.

1815இல் கண்டி அரசு வீழ்ந்த பின் பிரித்தானியர் வீதிகளைப் போட்டார்கள். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்து வீதிகளில் இரட்டை மாட்டு வண்டில்கள் ஓடத் தொடங்கின. 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வரும் வரை மலைநாட்டுக் கோப்பி கொழும்பை அடைந்தது பெரும்பாலும் வண்டிலில்தான். இரண்டு சக்கர வண்டிலில் சமநிலைச் சிக்கல் பக்கவாட்டிலிருந்து முன்பின்னாக மாறியது. பாரம் அச்சுக்கு முன்னே கூடினால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னே கூடினால் நுகம் மேலெழுந்து கழுத்துக் கயிறு தொண்டையை இறுக்கும். கனமான மூடையை அச்சுக்கு நேர் மேலே வைத்து, இலேசானதை இரு பக்கமும் நகர்த்திப் பார்ப்பது வண்டில்காரரின் அன்றாட வேலை. மாட்டின் உடல்தான் அவருக்குத் தராசு.

1924இல் மட்டக்களப்பில் கல்லடிப் பாலம் திறக்கப்பட்டது. 1928இல் புகையிரதம் மட்டக்களப்பை எட்டியது, அதோடு நின்றும்விட்டது. கல்முனைக்கு இருந்த சுமார் 40 கிலோமீற்றருக்குத் தண்டவாளம் இன்றுவரை வரவில்லை. இதன் விளைவு பெரிது. புகையிரதப் பெட்டியை நம்ப முடியாத ஊர் லொறியை நம்பியது. மரச் சட்டத்தில் பலகை அடித்து உள்ளூர்த் தச்சர்கள் கட்டிய லொறி உடல், கழற்றி இறக்கக்கூடிய பக்கப் பலகை, கயிறு மாட்டும் கொக்கி, மழைக்குப் படங்கு என்று சரக்கு வைப்பதற்கான இலக்கணம் மீண்டும் எழுதப்பட்டது. படங்கைச் சுருட்டி ஆசனத்துக்குப் பின்னே செருகிவிட்டால் அது இடமே எடுக்காது. சாக்கும் அப்படித்தான். வங்காளத்தின் ரிஷ்ராவில் 1855இல் முதல் சணல் ஆலை எழுந்த பின் ஆசியா முழுதும் பரவிய சாக்கு, நெல் விளையும் இந்தக் கரைக்கும் அளவையாகவே ஆயிற்று. எத்தனை மூடை என்று கேட்டால் விளைச்சலும் தெரியும், வாகனத்தின் கொள்ளளவும் தெரியும்.

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரத்தைத் தந்தது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமானது. நெல் பெருகியபோது வயலுக்குள் இறங்கக்கூடிய வாகனம் தேவைப்பட்டது. உழவு இயந்திரத்தின் பின்னே கொளுவும் பெட்டி அந்த இடத்தைப் பிடித்தது. பின்னர் வந்த இருசக்கர உழவு இயந்திரத்தை, முதலில் வந்த பிரித்தானியத் தயாரிப்பின் பெயராலேயே 'லேன்மாஸ்டர்' என்று இன்றும் அழைக்கிறார்கள். பெட்டியைக் கழற்றினால் இயந்திரம் உழப் போகும், கொளுவினால் மூடை சுமக்கும். இழுப்பதையும் சுமப்பதையும் இப்படிப் பிரித்தது சிறு விவசாயிக்குக் கிடைத்த பெரிய விடுதலை.

இதே காலத்தில் உலகம் வேறொரு திசையில் போய்க்கொண்டிருந்தது. 1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்கத் தொழிலதிபர் மல்கம் மெக்லீனின் 'ஐடியல் எக்ஸ்' கப்பல் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 கொள்கலன்களை ஏற்றிச் சென்றது. சரக்கைத் தொடாமல் பெட்டியையே மாற்று என்பதே அதன் தத்துவம். இலங்கை உள்நாட்டு வீதிகளில் அது நெருங்கி வந்த ஒரு தருணம் 2011 டிசம்பர். மரக்கறியையும் பழத்தையும் சாக்கில் திணித்து நசுக்காமல் பிளாஸ்டிக் கூடைகளில் ஏற்ற வேண்டும் என்று அரசு விதித்தது. வியாபாரிகளும் விவசாயிகளும் எதிர்த்தார்கள். கூடைக்குச் செலவு, லொறி கொள்ளும் அளவும் குறையும் என்றார்கள். அரசு அப்போது பின்வாங்கியது. சேதம் குறைய வேண்டும் என்ற நோக்கம் சரியானதே. ஆனால் வெறுங்கூடை ஊர் திரும்பும் வழியை அந்த விதி போதிய அளவு எண்ணவில்லை என்பது என் கணிப்பு. வெற்றுச் சாக்கு நூறு ஒரு மூலையில் அடங்கும். ஒன்றுக்குள் ஒன்று செருக முடியாத கூடை நூறு, வெறுமையாக இருந்தே லொறியை நிறைத்துவிடும்.

மீனின் கதை வேறு, இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கரைவலையில் சாளையும் கீரியும் ஏறும் பருவத்தில் மாளிகைக்காடு, சாய்ந்தமருதுக் கரைகளில் நேரம்தான் எதிரி. பழைய விடை கருவாடு. மீனிலிருந்து நீரையே எடுத்துவிட்டால் பொதிமாடும் அதைச் சுமக்கும். பச்சை மீனை உள்ளூருக்குள் கொண்டுசென்றது சைக்கிள். கரியரில் கட்டிய மரப்பெட்டி, ஓரத்தில் தொங்கும் தராசு, வெட்டுப் பலகையாகவும் பயன்படும் மூடி. மோட்டார் சைக்கிள் வந்தபோது பெட்டி பெருத்தது, உடனே வண்டிலின் பழைய சிக்கலும் வந்தது. பாரம் பின் அச்சைத் தாண்டினால் முன் சக்கரம் இலேசாகி, கைபிடி ஆடும். பெட்டியை ஆசனத்தை ஒட்டி முன்னே நகர்த்துவதும், இரு பக்கமும் தாழத் தொங்கவிடுவதும் இதற்கான தீர்வுகள். பின்னது தவளத்தின் இரட்டைப் பொதியே.

தூரத்து மீனுக்கு ஐஸ் வேண்டும். இங்கே கணக்கு முக்கியம். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது சுமார் 80 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். 30 பாகை செல்சியஸில் இருக்கும் 10 கிலோ மீனைச் சுழியத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 3 கிலோ ஐஸ் போதும். ஆனால் வெப்ப நாடுகளில் மீனுக்குச் சமமான எடை ஐஸ் போட வேண்டும் என்பது பொது விதி. மீதி ஏழு கிலோ எங்கே போகிறது? பெட்டியின் சுவர் வழியாக வரும் வெப்பத்தோடு போராடித் தீர்கிறது. ஆக, சுவரைத் திருத்தினால் ஐஸுக்குக் கொடுத்த இடம் மீனுக்குக் கிடைக்கும். 1950களில் ஜேர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த பொலிஸ்டைரீன் நுரை, நம் ஊரில் ரெஜிபோம் பெட்டியாக வந்து செய்த புரட்சி இதுதான். மரத்தைப் போல அது நீரையும் மணத்தையும் உறிஞ்சாது, ஒரு கையால் தூக்கலாம். உடையும் என்பது அதன் குறை. அதனால் நுரையை நடுவே வைத்து உள்ளும் புறமும் கண்ணாடியிழை பூசிய பெட்டியும், அதே முறையில் உட்புறம் பூசிய லொறி உடலும் வந்தன. படகு கட்டும் அதே பொருள்கள் வண்டிக்குள் ஏறின. கழுவினால் நாற்றம் போகும் என்பதால், மீன் இறக்கிய லொறி வேறு சரக்கோடு திரும்பும் வழியும் திறந்தது.

அடியில் ஐஸ், மேலே மீன், மறுபடி ஐஸ், உருகும் நீர் வெளியேற ஒரு துளை. பெட்டி ஆழமானால் அடியிலுள்ள மீன் நசுங்கும். 5 பாகையில் மீன் சுழியத்தில் கெடுவதைவிட இரண்டேகால் மடங்கு விரைவாகவும், 10 பாகையில் நான்கு மடங்கு விரைவாகவும் கெடும். மகியங்கனை வழியாகக் கண்டிக்கு ஏறும் வீதியின் வளைவுகளிலும் பெட்டிகள் நகராமல் இருக்க இடைவெளிகளைச் சிறு பெட்டிகளால் அடைப்பார்கள். உள்நாட்டுப் போர்க் காலத்தில் சோதனைச் சாவடிகளில் சரக்கை இறக்கிக் காட்ட வேண்டியிருந்தது. மூடியைத் திறந்த ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்கு மீனவருக்கும் வியாபாரிக்கும் எதிராகவே ஓடியது. அமெரிக்காவில் பிரெடரிக் மெக்கின்லி ஜோன்ஸ் லொறிக்கான குளிரூட்டியை 1930களின் கடைசியிலேயே உருவாக்கிவிட்டார். இங்கே பெரும்பாலான மீன் இன்னும் ஐஸில்தான் பயணிக்கிறது. ஐஸுக்கு வண்டியில் இயந்திரம் வேண்டாம், உதிரிப்பாகம் வேண்டாம், உருகிய இடமும் மிச்சம் என்பதை நோக்கினால் இதைப் பின்தங்கிய நிலை என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

2004 டிசம்பர் 26இன் கடல்கோளில் நாட்டிலேயே அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். படகோடும் வலையோடும் கரையோரத்து மீன் பெட்டிகளும் சைக்கிள்களும் போயின. ஒரு தலைமுறை தன் கைக்கேற்பச் செதுக்கி வைத்திருந்த சாதனங்களும் அவற்றோடு மறைந்தன. அவற்றின் அளவுகளை எவரும் வரைந்து வைத்திருக்கவில்லை.

முச்சக்கர வண்டியின் பாதை விசித்திரமானது. 1948இல் இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் வெளியிட்ட 'ஆப்பே' சரக்கு வண்டியாகவே பிறந்தது. இந்தியாவில் பஜாஜின் கையில் அது ஆளேற்றும் வண்டியானது, அங்கிருந்து இலங்கைக்கு வந்தது. இலங்கையில் அது மறுபடியும் சரக்கைத் தேடிப் போனது. பின் ஆசனத்தை எடுத்துவிட்டுக் கண்ணாடி அலுமாரி பொருத்திய பாண் ஓட்டோ, பீத்தோவனின் 'ஃபூர் எலிஸ்' இசையோடு தெருத்தெருவாக வருகிறது. பாணையும் பனிசையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நசுங்கும். ஆகவே இழுத்து வெளியே எடுக்கக்கூடிய தட்டுகள், ஒவ்வொன்றுக்கும் தனி உயரம். விற்கும் கையும் காணும் கண்ணும் ஒரே பக்கத்திலிருந்து எட்டும்படி அமைந்த இந்த அலுமாரி, வாகனத்துக்குள் சரக்கு வைக்கும் உத்திகளில் நம் நாடு பெருமையோடு சொல்லக்கூடிய ஒன்று.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது, 2025இல்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தது. இடையில் 2022இன் எரிபொருள் நெருக்கடி. எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை தொடங்கியபோது ஓட்டோவுக்கு வாரம் 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4, லொறிக்கு 50. இருக்கும் வண்டியே போதும், ஆனால் வெறுமையாக ஓடக் கூடாது என்ற நிலை எல்லோருக்கும் வந்தது. மீன் கொண்டுபோன பெட்டியைக் கழுவி மரக்கறியோடு திரும்புவது அந்த மாதங்களில் இலாபக் கணக்காக இருக்கவில்லை. அடுத்த நாளும் ஓட முடியுமா என்பதே கணக்கு.